அடுக்களைப் பக்கம் நகர்ந்த கடல் சாமந்தி

உப்பு லாரியிலிருந்து இறங்கிய அன்றைக்கே அந்தப் பூ எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. தொட்டிக்கு நட்டநடுவில் ஒரு பாறையை மேடை மாதிரி வைத்து, வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி என் வீட்டுக்காரர் அதை இறக்கி வைத்தார். மறுநாள் காலையில் பாறை இருந்தது, பூவைக் காணோம். தேடிப் பார்த்தால் ஓரத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி சுருங்கிக் கிடந்தது.

பூ என்று நான் சொல்வது கடல் சாமந்தியை. பார்ப்பதற்குத்தான் பூ. உண்மையில் அது உயிருள்ள பிராணி. வேரும் கிடையாது, இலையும் கிடையாது. அடியில் பாதம் மாதிரி ஒரு தடித்த தசை இருக்கும், அதை வைத்துத்தான் கல்லைப் பிடித்துக்கொள்ளும். மேலே இளம் பழுப்பு நிறத்தில் விரல் விரலாக ஆடிக்கொண்டிருக்கும், நடுவில் வாய். நகக்கண் அளவு மீன் துண்டைப் போட்டால் விரல்களெல்லாம் சேர்ந்து அதை மடக்கி உள்ளே தள்ளிவிடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் "அய்யே" என்று கத்திவிட்டேன். அன்று முழுக்க என் வீட்டுக்காரர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீட்டுக்காரர் என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. வீடு என் அப்பாவுடையது. அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. அந்தத் தறிகளுக்கு நூல் விற்கிற கடை அப்பாவுக்கு. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதிலேயே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் மாற்றி மாற்றி வந்து சொல்லியும் அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தலை பின்னிவிடக்கூட அவரே கற்றுக்கொண்டார், நூல் சிக்கெடுக்கிற கைதானே என்பார். அப்படி வளர்த்த ஒரே பெண்ணை வெளியூருக்கு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. மாப்பிள்ளை இங்கே வந்து இருப்பதாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம் என்று தரகரிடம் சொல்லிவிட்டார். அப்படி வந்தவர்தான் இவர்.

இவருக்கு வேம்பார் பக்கம் ஒரு கடற்கரை ஊர். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். கடல் பிராணிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிற ஓர் அலுவலகத்தில் தொட்டிகளைக் கவனித்துக்கொள்ளும் தற்காலிக வேலையில் இருந்தார். ஆட்களைக் குறைத்தபோது இவர் வேலையும் போயிற்று. சும்மா இருந்த அந்த நேரத்தில் எங்கள் ஜாதகம் போய்ச் சேர்ந்தது. எழுபதுகளின் ஆரம்பம் அது. வீட்டோட மாப்பிள்ளை என்றால் எங்கள் தெருவில் இளக்காரம்தான். இவர் கடைக்கு நடந்து போகும்போது டீக்கடைப் பெஞ்சிலிருந்து, "ஏலே, தள்ளி உக்காருங்கலே, வீட்டோட மாப்பிள்ளை போறாக" என்று யாராவது காதில் விழுகிற மாதிரி சொல்வார்கள். இவர் பேச்சும் அவர்களுக்குக் கேலி. நாங்கள் "போறீக, வாரீக" என்போம். இவர் "போறிய, வாறிய" என்பார்.

அப்பாவும் அவரை உட்கார வைத்துப் பார்க்காத இடமில்லை. முதலில் கல்லாவில் உட்கார வைத்தார். இவருக்குப் பேரம் பேச வராது, கேட்ட விலைக்குத் தலையாட்டிவிடுவார். அடுத்து நூல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பஞ்சுத் தூசியில் இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்து வந்தார். காரியாபட்டிச் சந்தைக்குப் போய் நூல் வாங்க நாலு புது ஆட்களைப் பிடித்து வரட்டும் என்று அனுப்பினார். இவர் சந்தையை நன்றாக வேடிக்கை பார்த்துவிட்டு, எனக்கு ஒரு சீப்பு மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். அப்பா ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. எங்கள் வீட்டில் மாமனாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் வழக்கமில்லை, அது மரியாதை. "மாப்பிள்ளை சாப்பிட்டாகளான்னு கேளு தாயி" என்பார் அப்பா. மாப்பிள்ளை இரண்டடி தள்ளித்தான் நிற்பார். "சாப்பிட்டாச்சுன்னு சொல்லு" என்பார். நடுவில் நான் ஒருத்தி தந்தி ஆபீஸ் மாதிரி இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன்.

அந்த வீட்டில் அவராக வாய் திறந்து கேட்டது ஒரு தொட்டி மட்டும்தான். முன்கூடத்தை நாங்கள் பட்டாசல் என்போம். பட்டாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவிலுள்ள சுவரில், சாப்பாட்டுப் பாத்திரம் கொடுத்து வாங்க ஒரு பெரிய திறப்பு இருந்தது. அதில் கொத்தனாரைக் கொண்டு சிமெண்டில் தொட்டி கட்டி, இரண்டு பக்கமும் கனத்த கண்ணாடி பதித்தார். மேலே கை விடுகிற அளவுக்கு இடைவெளி, அதற்கு ஒரு கண்ணாடி மூடி. கடல் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தவர் வீரசோழனைச் சேர்ந்த ஒரு பாய். சொந்தமாக லாரி வைத்து ஓட்டினார், உப்பளத்திலிருந்து எங்கள் பக்கத்துக்கு உப்பு ஏற்றி வருவார். "சும்மா வார வழிதான தம்பி" என்று பிளாஸ்டிக் கேன்களில் தண்ணீரை நிரப்பி உப்பு மூட்டைகளுக்கு இடையில் செருகிக்கொண்டு வருவார். கற்கள், சின்ன மீன்கள், கடைசியாக அந்தப் பூ, எல்லாம் அந்த லாரியில் வந்தவைதான். எங்கள் ஊர்க் கரண்டு எப்போது போகும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் காற்று மோட்டாரை நம்பாமல், பாய் கொடுத்த பழைய லாரி டியூபில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, அதிலிருந்து மெல்லிய குழாய் வழியாகத் தொட்டிக்குள் குமிழி விடுவார். காலையில் அவர் பம்பு அடிப்பார், சாயங்காலம் நான். எங்கள் தெருவில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டியூபுக்குக் காற்றடித்த மருமகள் நான் ஒருத்திதான் இருப்பேன். மருமகள்கூட இல்லை, அந்த வீட்டுப் பெண்.

தண்ணீர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் தண்ணீர் இரண்டு வகை. உப்புத் தண்ணி வீட்டுக் கிணற்றில் கிடைக்கும். அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. நல்ல தண்ணி ஊருக்கு வெளியிலிருந்து பீப்பாய் வண்டியில் வரும். வண்டிச் சத்தம் கேட்டால் தெருவே குடத்தோடு ஓடும். நல்ல தண்ணியில் யாராவது கை கழுவிவிட்டால், அந்தக் கை காய்கிறவரைக்கும் அப்பா அதையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த லட்சணத்தில் என் வீட்டுக்காரர், தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய நல்ல தண்ணிதான் ஊற்ற வேண்டும் என்றார். வெயிலுக்குத் தண்ணீர் மட்டும்தான் ஆவியாகப் போகும், உப்பு உள்ளேயே நின்றுவிடும், குறைந்ததை நல்ல தண்ணியால் நிரப்பினால்தான் அது கடல் தண்ணீராகவே இருக்கும் என்று எனக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். கண்ணாடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடும் போட்டார், தண்ணீர் அந்தக் கோட்டைவிட்டு இறங்கக் கூடாது. சாயங்காலம் பார்த்து ஊற்றுவது என் வேலை.

அப்பாவுக்கு நெஞ்சு பதறிவிட்டது. மாப்பிள்ளையிடம் கேட்க முடியாதே, என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏந்தாயி, கடல்ல கெடந்த சீவனுக்கு எதுக்கு நல்ல தண்ணி? மனுசன் குடிக்க இல்லாத ஊர்ல? அதுக்கு உப்புதான வேணும், நம்ம கெணத்துல கெடக்குறது பூராம் உப்புதான?"

ஆவி, உப்பு என்று நான் விளக்கியதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இருந்தாலும் பூ வந்தபிறகு அப்பாவுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. கடைக்கு வருகிறவர்களை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, தொட்டிக்கு எதிரே பட்டாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காட்டுவார். "வாரவுக பாக்குற மாதிரி பூவ நடுவுலயே வைக்கச் சொல்லு" என்று என் வழியாகத் தந்தி கொடுப்பார். மாப்பிள்ளையும் மாமனாருக்காக அதை அலுங்காமல் எடுத்து நடுப்பாறையில் வைப்பார். அது மறுபடியும் கிளம்பிவிடும். கிளம்புவதைக் கண்ணால் பிடிக்க முடியாது. நின்று பார்த்தால் அசையாது. குழம்பை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் இரண்டு விரல்கடை தள்ளியிருக்கும். குமிழி வருகிற பக்கம் போகும், அங்கே பிடிக்காமல் மணலில் இறங்கும், கண்ணாடியில் ஏறும்.

"அதுக்கு எங்க புடிக்குதோ அங்கதான் பாதம் ஊனும். இடுக்கு வேணும், வெளிச்சம் வேணும், தண்ணி ஓட்டம் வேணும். மூணும் சேந்த இடம் கெடைக்குற மட்டும் அலையத்தான் செய்யும்" என்றார் இவர்.

"பெறகு எதுக்கு எடுத்து எடுத்து நடுவுல வைக்கிறீக?"

"மாமா ஆசப்படுதாவ."

இதைப் படிக்கிறவர்கள் உடனே கல்லா, கிட்டங்கி, காரியாபட்டிச் சந்தை என்று கணக்குப் போட்டுத் தலையாட்ட வேண்டாம். எனக்கும் அன்றைக்கே புரிந்தது. புரிந்து என்ன செய்ய? எரிச்சல்தான் வந்தது. பூவையாவது தன்போக்கில் விட்டுத் தொலையுங்களேன் என்று இரண்டு பேரிடமும் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை, அரிசியில் கல் பொறுக்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் பாய் ஒரு சேதி கொண்டு வந்தார். அந்தப் பழைய அலுவலகத்தில் மறுபடி ஆள் எடுக்கிறார்கள், இந்தத் தடவை நிரந்தர வேலை, முன்பு இருந்தவர்களுக்குத்தான் முதலில் என்று இவருடைய பழைய கூட்டாளி ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். கடைக்கு லீவு விட்ட ஒரு நாள், மதியம் சாப்பிட்டு எழுந்த என் வீட்டுக்காரர் அடுக்களை வாசற்படியில் வந்து நின்றார். உள்ளே வரமாட்டார். எங்கள் வீட்டில் ஆம்பளைகள் அடுக்களைக்குள் வருவது கிடையாது.

"இந்தப் பூவுக்கு இந்த ஊரு ஒத்துக்கிட்டுதுன்னா நானும் இருந்துக்கிடுதேன். ஒத்துக்கிடலன்னா, பாய் அடுத்த லோடு வரும்போது அதக் கொண்டுபோயி கடல்ல விட்டுட்டு, நானும் அங்கனயே இருந்துக்கிடுதேன். நீ வாறதுன்னா வா."

"அப்பாவ யாரு பாப்பா?"

அவர் கை துடைத்த துண்டை உதறிக்கொண்டு திரும்பிப் போனார். அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு ராத்திரி ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லாமல் ஒரு பூவின் தலையில் கட்டிவிட்டாரே என்ற கோபம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. சீப்பு வாங்கி வந்த நாளிலிருந்தே பிடித்திருந்தது. அதை நானும் நேராகச் சொன்னதில்லை, அது வேறு விஷயம். அப்பா அப்போது பட்டாசலில் பேப்பரை முகத்தில் மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

அன்றிலிருந்து பூவைப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. எழுந்ததும் அதைத்தான் பார்ப்பேன். முதலில் கொஞ்சம் நன்றாக இருந்த மாதிரிதான் தெரிந்தது. பிறகு சுருங்க ஆரம்பித்தது. விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது, வாய் மட்டும் தொங்கினாற்போல் திறந்து கிடந்தது. மீன் துண்டைப் போட்டால் பிடித்தது, அப்புறம் பாதியிலேயே துப்பியது. முன்பு ஊர்சுற்றியாவது கொண்டிருந்தது, இப்போது அதுவும் நின்றுபோயிற்று. மூலையில் ஒட்டியும் ஒட்டாமலும் ஆடிக்கொண்டிருந்தது. மீன்களும் மந்தமாகிவிட்டன. என் வீட்டுக்காரர் குமிழியைக் கூட்டினார், குறைத்தார். அடுப்புப் புகை சேரவில்லையோ என்று அடுக்களைப் பக்கம் துணி தொங்கவிட்டுப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

தண்ணீர் மட்டும் அதிசயமாகக் குறையவே இல்லை. அனல் காற்று அடிக்கிற நாளில்கூட சாயங்காலம் பார்த்தால் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். நான் ஒரு டம்ளர்கூட ஊற்ற வேண்டியிருக்காது. "மூடி நல்லா மூடுது" என்றார் இவர். நல்ல தண்ணி மிச்சமாகிறதே என்று எனக்கும் சந்தோஷம்தான்.

பிறகு ஒரு நாள் அவர் பரண்மேல் இருந்த தன் டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தார். பாய் அடுத்த லோடுக்கு வருகிற வாரம் அது. நான் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக் கழுவி அழுதேன். உப்புத் தண்ணி கண்ணில் பட்டுச் சிவந்தது என்று சொல்லிக்கொள்ளலாமே.

மறுநாள் மதியம். கடையிலிருந்து அப்பா சாப்பாட்டுக்கு முதலில் வருவார், அவர் திரும்பிப் போய்க் கடையில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளை வருவார். அன்று அப்பா வந்து கிணற்றடியில் கைகால் கழுவினார். சோறு எடுத்து வைக்கலாம் என்று நான் பட்டாசலுக்குள் நுழைந்தால், தொட்டி மூடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த செம்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோட்டுக்குச் சரியாக வருகிறதா என்று பார்க்கிறார்.

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன்.

"என்னப்பா ஊத்துறீக?"

அவர் திரும்பிய வேகத்தில் செம்பு கண்ணாடியில் இடித்தது. "ஒண்ணுமில்ல தாயி. நம்ம கெணத்துத் தண்ணிதான்."

"கெணத்துத் தண்ணியா? அப்ப உப்பு கூடித்தான் அது சாகக் கெடக்கா! மேல மேல உப்ப ஊத்துனா என்னத்துக்காகும்? ஏம்ப்பா, நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டுச் சொன்னேனேப்பா!"

என் அப்பாவிடம் நான் அப்படிக் குரலை உயர்த்தியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவர் செம்பை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் நிழல் தட்டியது. திரும்பினால் வாசலில் என் வீட்டுக்காரர். அன்றைக்குக் கடையைச் சீக்கிரமாக அடைத்துவிட்டு வந்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அவர் நேரே தொட்டிக்கு வந்தார். கோடு இறங்காததால் அதுவரை உப்பைச் சந்தேகிக்காதவர், விரலை விட்டு நனைத்து நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது. பிறகு எங்கள் வீட்டில் நடக்காத ஒன்று நடந்தது. என் பக்கம் திரும்பாமல் நேரே அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"எம்புட்டு நாளா ஊத்துறிய மாமா?"

அப்பா என்னைப் பார்த்தார். தந்தி ஆபீஸ் அன்றைக்கு லீவு. வேறு வழியில்லாமல் அவரும் நேராகவே பதில் சொன்னார்.

"நீங்க ஊருக்குப் போறேன்னு சொன்ன அன்னையிலருந்து."

அப்பாவே தொடர்ந்தார். "அது பொழச்சா நீங்க இருப்பேன்னீக. காதுல விழுந்துருச்சு. கடலு நெனப்புலதான் அது அலையுதுன்னு நெனச்சேன் மாப்பிள்ளை. நல்ல தண்ணிய விட்டு விட்டு இவ அதக் கொல்லுறான்னு, அவ பாக்கும் முன்ன நான் உப்புத் தண்ணியால நெரப்பிருவேன். எனக்கு என்ன தெரியும், கடலப் பத்தி?"

ஊரில் நூலுக்கு விலை வைக்கிற மனுஷர், கையில் ஒரு செம்போடு, மாப்பிள்ளை முன்னால் தப்புச் செய்தவர்போல் நின்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. என் வீட்டுக்காரர் அவர் கையிலிருந்து செம்பை வாங்கிக் கீழே வைத்தார். "உக்காருங்க மாமா" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் தண்ணீர் வண்டி வந்தபோது குடத்தைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஓடியவர் அப்பா. கொண்டு வந்த குடத்தைத் தொட்டிக்குக் கீழே வைத்தார். "இது அதுக்கு" என்றார், மாப்பிள்ளையைப் பார்த்தேதான். ஒரேயடியாக மாற்றினால் தாங்காது என்று இவர் பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு எடுத்தார், நல்ல தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். அவர் நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்வார், அப்பாவும் விரலை விட்டு நாக்கில் வைத்துத் தெரிந்த மாதிரி தலையாட்டுவார். அந்த நாட்களில் குளித்து முடித்துக் கடைசியாக ஊற்றிக்கொள்ளும் ஒரு செம்பு நல்ல தண்ணியைக்கூட அப்பா விட்டுவிட்டார். உடம்பெல்லாம் வெள்ளை பூத்துப்போய்த் திரிந்தார்.

பூ பிழைத்தது. உடனே இல்லை. முதலில் வாயை மூடிக்கொண்டது, பிறகு விரல்களை ஒவ்வொன்றாக வெளியே விட்டது, அப்புறம் மறுபடியும் கிளம்பிவிட்டது. இந்தத் தடவை யாரும் அதைத் தொடவில்லை. நடுவில் வைக்கச் சொல்லி அப்பாவும் கேட்கவில்லை. அது நிதானமாகப் பாறையைச் சுற்றிக்கொண்டு போய், அடுக்களைப் பக்கம் இரண்டு கற்கள் சேர்கிற இடுக்கில் பாதத்தை நுழைத்துக்கொண்டது. அடுக்களைக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. அதிலிருந்து விழுகிற வெளிச்சம் மதியத்தில் அந்த இடுக்குக்கு நேரே வரும். அங்கே போய் உட்கார்ந்து விரித்தது பாருங்கள், அத்தனை பெரிதாக அது விரியும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது.

ஆனால் பட்டாசலிலிருந்து பார்த்தால் பாறையின் முதுகுதான் தெரியும். பூவைப் பார்க்க வேண்டுமென்றால் அடுக்களைக்குள் வர வேண்டும். என் வீட்டுக்காரர் முதல் நாள் வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். மறுநாள் ஒரு காலை உள்ளே வைத்தார். அதற்கப்புறம் மதியச் சாப்பாடு முடிந்ததும் வந்து, அடுப்புக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். சும்மா உட்காரச் சங்கடமோ என்னவோ, முருங்கைக்கீரையை இழுத்து வைத்து உருவுவார். கண் பூவின் மேல் இருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும். அவருடைய அம்மாவைப் பற்றி, டீக்கடைப் பேச்சு எந்த இடத்தில் வலித்தது என்பதைப் பற்றி, இருமல் வந்தாலும் கிட்டங்கியில் அந்தப் புது நூல் வாசனை பிடிக்கும் என்பதைப் பற்றி, எல்லாம் அங்கே உட்கார்ந்துதான் சொன்னார். எங்களுக்குக் கல்யாணம் நடந்தது அந்த வாரத்தில்தான் என்று நான் பின்னால் அவரிடம் சொல்வதுண்டு.

ஆனாலும் இருக்கிறேன், போகிறேன் என்று ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி இறக்கிய இடத்திலேயே இருந்தது. நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன வருமோ என்று பயம்.

பாய் வந்தார். லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, தண்ணீர்க் கேன்களை இறக்கி வைத்தார். சோற்றை வடித்து வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் அடுக்களைக்குள் வந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டார். விரல் நுனியால் பூவின் பாதத்து ஓரத்தை மெல்ல நெம்பினார். அது இன்னும் இறுக்கிக்கொண்டது.

பாய் வாசற்படியில் நின்று பார்த்தார். "லேசா இழுங்க தம்பி, வந்துரும்."

"இழுத்தா கிழிஞ்சிரும் பாய்."

"அப்பக் கல்லோட தூக்கிருங்க. கேன வெட்டித் தாரேன், கல்லோட உள்ள வச்சிரலாம்."

அது நடக்கக்கூடிய காரியம்தான். என் வீட்டுக்காரர் கல்லைப் பிடித்தார். தண்ணீருக்குள் அவர் கை கல்லின் மேல் இருந்தது, தூக்கவில்லை. பட்டாசல் பக்கத்துக் கண்ணாடி வழியாக அப்பாவின் முகம் தெரிந்தது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்றதால் முகம் அகலமாக, ஆடி ஆடித் தெரிந்தது. தொட்டிக்கு மேலே இருந்த இடைவெளி வழியாக அவர் குரல் வந்தது.

"கல்லோடயே எடுத்துக்கங்க மாப்பிள்ளை. பிடிச்சத எதுக்குப் பிரிக்கணும். அவளையும் கூட்டிட்டுப் போங்க. நான் இருந்துக்கிருவேன்."

நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன். தலை பின்னிவிட்ட கை அது. என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் நிற்கிறது. பாய் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் கையை வெளியே எடுத்தார். வேட்டி நுனியில் நிதானமாகத் துடைத்தார்.

"பாய், நேரமாகுது, நீங்க கெளம்புங்க. அடுத்த லோடுக்குத் தண்ணி மட்டும் ரெண்டு கேன் சேத்துக் கொண்டாங்க" என்றார்.

பாய் தலைப்பாகையைத் திரும்பக் கட்டிக்கொண்டார். காலிக் கேன்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். லாரி நகர்கிற சத்தம் தறிச் சத்தத்தில் கலந்து தேய்கிறவரை நாங்கள் மூன்று பேரும் இருந்த இடத்திலேயே இருந்தோம். அப்புறம் நான்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சோற்றுப் பானையைத் திறந்து, வழக்கம்போல் கேட்டேன்.

"அப்பாவுக்குச் சோறு வைக்கிறேன். உங்களுக்கு இப்பவா, பெறகா? பட்டாசல்லதான வைக்கணும்?"

அவர் தொட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து பக்கத்து இடத்தைக் கையால் துடைத்தார்.

"எனக்கு இங்கனயே வையி" என்றார். பிறகு தலையை நிமிர்த்தி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "மாமா, நீங்களும் உள்ள வாங்க. அங்கருந்து பாத்தா தெரியாது."

அப்பா வாசற்படியில் கொஞ்ச நேரம் தயங்கினார். பிறகு குனிந்து உள்ளே வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் இரண்டு தட்டையும் எடுத்து வைத்தேன்.